முந்நூற்று எண்பத்தோரு கோடிச் சொச்சம்

அண்ணியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடந்த துவைக்கிற கல்தான். பிள்ளையார்பாளையத்தில், சுற்றிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தெருவில் எங்கள் வீடு. காலை வெயில் கொல்லைப்புறத்தில் இறங்கியிருந்தது. துணிகளை அலசிக் கொடியில் போட்டு முடித்த அண்ணி, வாளித் தண்ணீரில் விரலைத் தோய்த்துத் தோய்த்து அந்தக் கறுப்புக் கல்லின் மேல் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கோலம் போட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கோலம் இல்லை, வகுத்தல் கணக்கு. நீளமான ஒரு எண்ணை ஏழால் வகுத்துக்கொண்டிருந்தாள். அவள் கீழ் வரிக்கு வருவதற்குள் மேல் வரி வெயிலில் காய்ந்து மறைந்துபோனது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

“என்னா அண்ணி எழுதறீங்க?”

“ஒண்ணுமில்ல. மீதி வருதான்னு பாத்தேன்.”

“வருதா?”

“வருது. எத எடுத்தாலும் வந்துக்கினே இருக்குது” என்று சொல்லிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கல்லின் மேல் கொட்டினாள்.

எங்கள் அப்பா விறகுத் தொட்டி வைத்து விறகு விற்றுக்கொண்டிருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சுகிறவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கைக்காரர்கள். அண்ணன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்றும் வைத்திருந்தான். பூர்வீகத்தில் நாங்கள் விவசாயக் குடும்பம்தான். தாத்தா காலத்தில் டவுனுக்கு வந்தவர்கள். அண்ணி ஓரிக்கைக்காரி. பாலாற்றங்கரையில் நிலமும் மாடுகளும் உள்ள வீடு. அவளுக்கு ஓர் அண்ணன். எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, ஒரு பெண். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள்; நான் அவள் வீட்டுக்குப் போவேன். அந்த வருஷம் மழை சரியில்லாததால் இரண்டு கல்யாணத்தையும் சேர்த்துச் செய்ய ஓரிக்கையில் தோதுப்படவில்லை. அவள் கல்யாணம் முதலில் நடந்தது. என்னுடையது அடுத்த அறுவடைக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. அப்படித் தள்ளிப்போன காலம்தான் எனக்கும் அவளுக்கும் கிடைத்த காலம். பிறகு யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் திரும்பப் போய் உட்கார விரும்புகிற காலம் அது ஒன்றுதான்.

முறைக்கு அண்ணி என்றாலும் வயதில் அவள் என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். அம்மா எதிரில் நான் அவளை ‘வாங்க, போங்க’ என்பேன். அம்மா நகர்ந்ததும் இருவரும் ‘நீ, வா, போ’ என்று ஆகிவிடுவோம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவள். அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாள் ஓரிக்கைக்கு நேரில் போய்ப் பேசி, மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. சேர வைத்திருக்கிறார். அண்ணி பாதி வருஷம் படித்தாள். அதற்குள் இந்தச் சம்பந்தம் முடிவாகிவிட்டது. அவள் அப்பா ஒரு நாள் விடுதி வாசலில் வந்து நின்று, “ஊருக்குப் போவலாம் வாம்மா” என்றிருக்கிறார். அவ்வளவுதான் அவள் படிப்பு.

அந்தக் கணக்கைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அதே கேள்வியைத் தினமும் தனியாகச் சுமந்து அலுத்துப்போயிருக்க வேண்டும்.

“ஹாஸ்டல்ல எங்கூட ஒரு மலையாளத்துப் பொண்ணு இருந்திச்சி. அது ஒரு நாள் எங்க எல்லாரையும் உக்கார வெச்சி ஒரு கேள்வி கேட்டுது. ஒரு நம்பர். பத்து இலக்கம். பூஜ்யத்துலேர்ந்து ஒம்போது வரைக்கும் எல்லாம் வரணும், ஒவ்வொண்ணும் ஒரே ஒரு வாட்டிதான். மொத ரெண்டு இலக்கத்த மட்டும் எடுத்தா அது ரெண்டால வகுபடணும். மொத மூணு எடுத்தா மூணால. மொத நாலு எடுத்தா நாலால. இப்பிடியே பத்து வரைக்கும். எங்கயும் மீதி வரக்கூடாது.”

“அப்பிடி ஒரு நம்பர் இருக்குதா?”

“அதுதாம்மா கேள்வியே. இருக்குதுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நீங்களே பாருங்கன்னு சொல்லிட்டு சிரிச்சிது. நான் பாக்கறதுக்குள்ள அப்பா வந்துட்டாரு.”

அவள் கொண்டுவந்த சீர் பாத்திரங்கள் பரணில் இருந்தன. பட்டுப் புடவைகள் பீரோவில் இருந்தன. இது ஒன்றுதான் அவள் தனக்கென்று கொண்டுவந்தது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. எனக்குக் கணக்கின் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. அவள் மேல் இருந்தது. நானும் சேர்ந்து தேடுகிறேன் என்றேன். பரணில் கிடந்த என் பழைய சிலேட்டைத் துடைத்து எடுத்து வந்தேன். அம்மா கேட்டால் கோலம் பழகுகிறோம் என்று சொல்வது என்று ஏற்பாடு.

முதலில் குருட்டாம்போக்கில்தான் ஆரம்பித்தோம். தோன்றிய எண்ணை எழுதுவது, வகுப்பது, மீதி வந்ததும் அழிப்பது. அந்தப் பத்து இலக்கங்களை முப்பத்தாறு லட்சத்துக்கும் மேலான விதங்களில் வரிசை மாற்றி வைக்கலாம் என்று அண்ணி கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்குச் சோர்வாகிவிட்டது. “நம்ப பேரப்பிள்ளைங்க காலத்துலதான் முடியும்” என்றேன். அவள் சிரித்துவிட்டு, “எல்லாத்தையும் எதுக்குத் தேடணும்? எது எங்க உக்காரும்னு மட்டும் யோசிப்போம்” என்றாள்.

அதிலிருந்து அது வேறு விளையாட்டாகிவிட்டது. பத்தால் வகுபட வேண்டுமென்றால் கடைசியில் பூஜ்யம்தான் இருக்க முடியும். ஐந்தால் வகுபட வேண்டுமென்றால் ஐந்தாவது இடத்தில் பூஜ்யமோ ஐந்தோ வேண்டும். பூஜ்யம் போய்விட்டது, ஆகவே ஐந்து. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது இடங்களில் இரட்டை எண்களே வரலாம். அப்படியானால் ஒற்றை எண்கள் மிச்ச இடங்களுக்குப் போயாக வேண்டும். இவையெல்லாம் எனக்கே பிடிபட்டன. பிடிபட்டபோது வந்த சந்தோஷம் எனக்குப் புதியது. பள்ளிக்கூடத்தில் யாரும் கணக்கை எனக்கு இப்படிக் காட்டியதில்லை என்று சொன்னேன். “நானும் காட்டல. நீதான் கண்டுபிடிச்சே” என்றாள். உண்மையில் அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. நான்காவது இடத்துக்கு முன்னால் ஒற்றை எண்தான் வருகிறது. ஆகவே அந்த இடத்தில் இரண்டோ ஆறோ தவிர வேறு எதுவும் நான்கின் வகுத்தலுக்குச் சரிப்படாது. அரிசி களைந்துகொண்டிருந்தபோது அது எனக்குத் தோன்றியது. கையில் கழுநீர் சொட்டச் சொட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மா எட்டிப் பார்த்து, “என்னாடி இது, சின்னப் பசங்க மாதிரி” என்றாள்.

எட்டாவது இடத்துக்கும் அதே நியாயம்தான் என்று அண்ணி கண்டாள். அப்படியானால் இரண்டும் ஆறும் நான்காவது, எட்டாவது இடங்களுக்குப் போய்விட, நான்கும் எட்டும் இரண்டாவது, ஆறாவது இடங்களில் வந்தாக வேண்டும். அப்புறம் மூன்றையும் ஆறையும் வைத்து இன்னும் கொஞ்சம் சுருக்கினாள். நடுவில் பல நாள் சிலேட்டைத் தொட முடியாது. விருந்தாளிகள் வருவார்கள், மிளகாய் காயவைக்க வேண்டும், விசேஷங்களுக்குப் போக வேண்டும். சில சமயம் நாங்கள் விட்ட இடம் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து வருவோம். எங்கள் இருவருக்குமே அவசரம் இல்லை. அறுவடை நெருங்க நெருங்க எனக்குத்தான் அது முடியவே வேண்டாம் என்று இருந்தது.

கடைசியில் முப்பத்தாறு லட்சம் போய்ப் பத்தே பத்து எண்கள் மிஞ்சின. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தும் சரியாக இருந்தன. பாக்கி ஏழு ஒன்றுதான். ஏழுக்கு மட்டும் எங்களிடம் குறுக்கு வழி இல்லை. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா காமாட்சியம்மன் கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் கூடத்தில் உட்கார்ந்தோம். என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து சாமி படத்தின் அடியில் இருந்தது. ஒன்றை வகுத்தாள், மீதி வந்தது. இன்னொன்று, மீதி வந்தது. எத்தனையாவதோ ஒன்றில் அவள் கை நின்றது. திரும்ப ஒரு தடவை போட்டாள். சிலேட்டை என் பக்கம் தள்ளி, “நீ போடு” என்றாள். நான் போட்டேன். மீதி இல்லை. பாக்கி இருந்தவற்றையும் விடாமல் வகுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

“ஒண்ணே ஒண்ணுதான்” என்றாள் அண்ணி. “வேற கெடையவே கெடையாது.”

முந்நூற்று எண்பத்தோரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. 3816547290. நாங்கள் அதைச் சிலேட்டு முழுக்கப் பெரிதாக எழுதி எதிரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கப் பார்க்க அதில் இன்னும் என்னென்னவோ இருந்தன. இரட்டை எண்கள் நான்கும் எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று தலைகீழ் வரிசையில் இறங்கி வந்தன. ஒற்றை எண்களில் ஐந்து ஐந்தாவது இடத்திலும், ஏழு ஏழாவது இடத்திலும், ஒன்பது ஒன்பதாவது இடத்திலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. யாரும் அப்படி வைக்கவில்லை. வகுபட வேண்டும் என்று கேட்டோம், அது அப்படி வந்து நின்றது.

“ஒண்ணும் மூணும் மட்டும் எடம் மாறி உக்காந்திருக்குது பாரு” என்றாள் அவள். “ஒண்ணு மூணாவது எடத்துல. மூணு மொத எடத்துல.”

“பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்திருப்பாங்க” என்றேன் நான்.

கண்ணில் தண்ணீர் வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அம்மா திரும்பி வந்து குங்குமம் கொடுத்தபோது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணத்தை நினைத்து அழுகிறோம் என்று எடுத்துக்கொண்டாள். அது தப்பும் இல்லை.

எண் கிடைத்த பிறகு அண்ணி அமைதியாகிவிடுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு நேர்மாறாக நடந்தது. கேள்வி பாக்கி இருந்தவரை அதைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த மனசுக்கு இப்போது போக இடமில்லை. மறுபடியும் படிக்க வேண்டும் என்ற ஆசையை அவள் முதன்முதலாக வாய்விட்டு அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் கெட்டவன் இல்லை, ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேச்சு வராதவன். அப்பாவைக் கேள் என்றான். அப்பா, “அது அவங்க வூட்டுப் பொண்ணும்மா. வெளிய படிக்க அனுப்பினா அவங்க அப்பா நம்பள என்னா நெனைப்பாரு?” என்றார். அம்மா, “கல்யாணப் பத்திரிகை வந்து கெடக்குது, இப்ப போயி எதுக்கு இந்தப் பேச்சு?” என்று அடக்கிவிட்டாள். அண்ணி அதோடு நிறுத்திக்கொண்டாள். என் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை செய்தாள். தாலி கட்டும்போது என் பின்னால் நின்று கூந்தலை ஒதுக்கிப் பிடித்தது அவள் கைதான்.

அன்றிலிருந்து எங்கள் உறவு இரட்டையாகிவிட்டது. அவள் எனக்கு அண்ணி. நான் அவளுக்கு அண்ணி. அவள் வளர்ந்த வீட்டில் நான் அடுப்பு மூட்டினேன். நான் வளர்ந்த வீட்டில் அவள் விளக்கேற்றினாள். ஓரிக்கைக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் இடையே அதிக தூரம் இல்லை. சைக்கிளில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். ஆனால் மருமகள் நினைத்த நேரத்தில் போகக்கூடிய தூரம் அது இல்லை. ஆடிக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகைக் கதவில், சின்ன வயதில் அவள் ஆணியால் கீறி வைத்த வாய்ப்பாடு இருந்தது. ஏழாம் வாய்ப்பாடு, பாதியில் நின்றிருந்தது. பால் கறக்கப் போகும்போதெல்லாம் அதன் மேல் ஒரு தடவை விரலை ஓட்டுவேன். என் கணவர் நல்ல மனிதர். மாமியாரும் குறை சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வீட்டில் எதைத் தொட்டாலும் இது அவளுடையது, அவள் இங்கே இல்லை, நான் இருக்கிறேன் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. அங்கே அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பொங்கலுக்குப் போனபோது அண்ணியைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். சிலேட்டு பரணுக்குத் திரும்பிப் போயிருந்தது. “ஒண்ணும் போடறதில்லையா?” என்று கேட்டேன். “யாரோட போடறது?” என்றாள். அந்த ஒரு வார்த்தை ஓரிக்கைக்குத் திரும்பி வந்த பிறகும் என்னை விடவில்லை.

என் மாமனார் அதிகம் பேசாதவர். காலையில் மாடுகளைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. ஒரு நாள் தண்ணீர் கொண்டு கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன். புதிதாக வந்தவள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவது அங்கே வழக்கமில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லணும். அண்ணிக்கு மறுபடியும் படிக்கணும்னு ஆசை.”

அவர் நிமிரவில்லை. மாட்டின் முதுகை வைக்கோலால் தேய்த்துக்கொண்டே, “அது ஒங்க வூட்டு சமாச்சாரம்மா. கட்டிக் குடுத்தாச்சி. நான் வாயத் தொறந்தா, எம் பொண்ணுக்கு அங்க கொறைன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். ஒங்கப்பா வருத்தப்படுவாரு” என்றார்.

“எங்கப்பாவும் இதேதான் சொன்னாரு மாமா. அனுப்பினா நீங்க தப்பா நெனைப்பீங்கன்னு.”

அவர் கை நின்றது. “அப்பிடியா சொன்னாரு?”

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து பயந்துக்கினு இருக்கீங்க. நடுவுல அவங்க நிக்கிறாங்க.”

அதிகம் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். அவர் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கி மெட்ராஸ்லேர்ந்து கூட்டியாந்தேனே” என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல். “பஸ்ல ஒரு வார்த்த பேசல அது. வாலாஜாபாத்துல எறங்கி டீ வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. ஊரு வர்ற வரைக்கும் கிளாஸக் கைலயே புடிச்சிக்கினு வந்திச்சி. கடைக்காரன் கேட்டான், நான் கிளாஸுக்குக் காசு குடுத்துட்டேன். புடுங்க மனசு வரல.”

மாடு தலையை ஆட்டித் தண்ணீரை எங்கள் மேல் தெளித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒங்கம்மா ஒத்துக்குவாங்களா?” என்றார்.

“நான் இங்க நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா ஒத்துக்குவாங்க. அத நானே சொல்றேன்.”

“நல்லா இருக்கியாம்மா?”

அந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. “இருக்கேன் மாமா” என்றேன். அது உண்மைதான்.

மறுநாளே வண்டி கட்டினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். சம்பந்தி சொல்லாமல் வந்து நிற்பதைப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைக் கொண்டுவந்து விட வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டாள். நான் நேராக உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை, விஷயம் வேறு என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். கூடத்தில் மாமனார் அப்பாவிடம், “சம்பந்தி, எம் பொண்ண நான் பாதியில எழுப்பிக் கூட்டியாந்துட்டேன். ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா அது போயி முடிக்கட்டும். எங்க வூட்ல யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டோம்” என்றார். அப்பா அண்ணனைப் பார்த்தார். அம்மா என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன், வாழ்நாளில் அந்த வீட்டில் அப்பாவுக்கு முன்னால் பேசியிராதவன், “படிக்கட்டும்மா. நானே கொண்டு போயி வுடறேன்” என்றான். அண்ணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் வெளியே வரவில்லை. கதவின் மேல் இருந்த விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

அதற்கப்புறம் அவள் எங்கேயும் நிற்கவில்லை. விட்ட பி.யூ.சி.யை முடித்தாள், கணக்கிலேயே பட்டம் வாங்கினாள், பி.எட். படித்தாள். விடுதிக்குத் திரும்பியபோது அந்த மலையாளத்துப் பெண் படித்து முடித்துப் போய்விட்டிருந்தாள். எண் கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொல்ல முடியாமலே போயிற்று. வேலை போளூர்ப் பக்கம் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அண்ணன் தொட்டியை அப்பாவிடம் விட்டுவிட்டு அங்கேயே ஒரு சைக்கிள் கடை போட்டான். அவர்கள் சாமான்களோடு பஸ் ஏறிய அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன், இடுப்பில் என் மூத்த பிள்ளையோடு. ஜன்னல் வழியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். “எல்லாம் ஒன்னாலதான்” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பஸ் போன பிறகு அந்த வார்த்தை எனக்கு இரண்டு விதமாகவும் கேட்டது. அவளைப் போக வைத்தவள் நான். போய்விட்டதால் தனியானவளும் நான்தான். அதற்கப்புறம் ஆடிக்கும் பொங்கலுக்கும் நான் தாய்வீடு போனால் அங்கே அவள் இல்லை. அவள் தாய்வீடு வந்தால் சமையலும் உறவுக்காரர்களுமாக ஒரு நாள் கழியும். தனியே உட்கார நேரம் வாய்க்காது. வருஷங்கள் அப்படித்தான் போயின.

ஓய்வு பெற்று, அண்ணனும் காலமான பிறகு, ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அண்ணி ஓரிக்கைக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. எல்லாரும் கோயிலுக்குப் போய்விட, நாங்கள் இருவரும் பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பேரப்பிள்ளைகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்தி, “அது அப்பறமும் போவுது, தெரியுமா?” என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை. “பத்தோட முடிஞ்சிடுச்சே?”

“ஒரு வாட்டிதான் வரணும்னு வெச்சிக்கினா முடிஞ்சிது. வந்ததே திரும்ப வரலாம்னு வெச்சிக்க. பத்துக்கு அப்பறம் ஒரு இலக்கம் சேத்தா பதினொண்ணால வகுபடுமா? இன்னொண்ணு சேத்தா பன்னெண்டால? போட்டுப் பாரேன்.”

“நீயே சொல்லிடேன்.”

“போட்டுப் பாருன்னா” என்றாள், பழைய குரலில். அதற்குள் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். போளூருக்குப் போய் எல்லாம் முடித்துவிட்டு வந்தோம். ஊர் திரும்பிய பிறகு பல நாள் என்னால் எதிலும் மனசை வைக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில், வீட்டு வேலைக்கெல்லாம் மருமகள் வந்துவிட்டதால் சும்மா இருக்கிற கையோடு பின்கட்டில் உட்கார்ந்து, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதினேன். மறந்திருக்கவில்லை. பதினொன்றால் வகுபட ஆறு சேர்க்க வேண்டியிருந்தது. வேறு எதுவும் ஒத்துவரவில்லை. பன்னிரண்டுக்குப் பூஜ்யம். அதற்கும் அது ஒன்றுதான் வழி. பதின்மூன்றுக்கு எட்டு. 3816547290608. அது இன்னும் போகிறது, அவள் சொன்னபடியே போகிறது. பதினான்குக்கு வந்தேன். ஏழால் வகுபட வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஐந்துதான் வர வேண்டும். ஆனால் பதினான்கால் வகுபடுவதற்குக் கடைசி இலக்கம் இரட்டையாக இருக்க வேண்டும். ஐந்து ஒற்றை. வேறு எதைப் போட்டாலும் மீதி வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வழி அங்கே அடைத்துக்கொண்டது.

அண்ணிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இன்னும் மூன்று இலக்கம்தான், அதற்கு மேல் இல்லை என்று போட்டுப் பார்த்து அறிந்த பிறகுதான் அன்று என்னிடம் வந்திருப்பாள். அது எங்கே நிற்கும் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாள்.

“பதினாலுல நின்னுடுச்சி அண்ணி” என்றேன்.

உள்ளேயிருந்து மருமகள், “யாரோட பேசிக்கினு இருக்கீங்க அத்தே?” என்று கேட்டாள்.

பக்கத்து நாற்காலியின் மேல் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலி காலியாக இருந்தது.

“இந்த வூட்டுப் பொண்ணோடம்மா” என்றேன்.